விபத்து வழக்குக் கோப்பில் ஆங்கிலச் சுருக்கங்களை மாற்றிப் படிக்காமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு இழப்பீட்டு மனு போடும்போது ஆஸ்பத்திரித் தாள், வண்டித் தாள், போலீஸ் தாள் எல்லாம் ஒரே கோப்புக்குள் வந்து சேரும். எல்லாவற்றிலும் இரண்டெழுத்து, மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கங்கள். ஒரே எழுத்துகள் மருந்துச் சீட்டில் ஒன்றாகவும் இன்சூரன்ஸ் பாலிசியில் இன்னொன்றாகவும் இருக்கும்.

இந்த மாதிரி வழக்குகளுக்குக் கோப்பு அடுக்கித் தருவதுதான் பல வருடமாக என் வேலை. புதிதாக வரும் ஜூனியர்களும், அப்பாவுக்காகவோ தம்பிக்காகவோ தாள்களைத் தூக்கிக்கொண்டு அலையும் குடும்பத்தினரும் எந்த இடத்தில் சறுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த வரிசையை வைத்துக்கொண்டேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டு நேராக அர்த்தம் தேடப் போகிறவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லாத் தாளுக்கும் ஒரு செட் ஜெராக்ஸ், ஒரு பென்சில், ஒரு நோட்டு. ஜெராக்ஸில் மட்டும்தான் எழுத வேண்டும். ஒரிஜினல்கள் பின்னால் தீர்ப்பாயத்தில் சான்றாவணமாகக் குறியிடப்படும். அதில் உங்கள் கையெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தாலும் "இதை யார் எழுதியது" என்று குறுக்கு விசாரணையில் கேள்வி வரும்.

அப்புறம், சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் மருத்துவ ஆவணப் பிரிவு எங்கே இருக்கிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.டி. செக்‌ஷன் என்று கேட்டால் காட்டுவார்கள். புரியாத எழுத்தைக் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும்.

மொபைலில் தேடுவதைத் தள்ளி வையுங்கள். விபத்துத் தாளில் உள்ள ஆர்.டி.ஏ.-வைத் தேடினால் துபாயின் போக்குவரத்து ஆணையம் வரும், சிறுநீரகக் கோளாறு ஒன்றும் வரும். உங்கள் தாள் எது என்று தேடுபொறிக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காயம்பட்டவர் இப்போதும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அளவையும் நேரத்தையும் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி கோப்பைப் படிக்க மட்டும்.

2. தாள்களை நான்கு கட்டாகப் பிரியுங்கள்

போலீஸ், ஆஸ்பத்திரி, வண்டி, செலவு. நான்கு கட்டு, நான்கு கிளிப். எந்த விஷயத்தைப் பற்றிய தாள் என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். எழுதினவர் யார் என்று பார்த்துப் பிரியுங்கள். சுருக்கம் என்பது எழுதுகிறவரின் பழக்கம், அதனால்தான்.

இதில் இரண்டு தாள்கள் எப்போதும் இடம் மாறும். ஒன்று ஏ.ஆர். காப்பி. போலீஸ்காரர்தான் வாங்கிக் கொடுத்தார் என்று போலீஸ் கட்டில் வைத்துவிடுவார்கள். அது விபத்துப் பதிவேடு, டியூட்டி டாக்டர் எழுதியது, ஆஸ்பத்திரிக் கட்டுக்குப் போக வேண்டும். இன்னொன்று எம்.வி.ஐ. ரிப்போர்ட். எஃப்.ஐ.ஆரோடு சேர்ந்து வரும், ஆனால் எழுதுவது மோட்டார் வாகன ஆய்வாளர். அது வண்டிக் கட்டு.

3. ஒவ்வொரு தாளின் தலையிலும் யார், எந்தப் பிரிவு, எந்தத் தேதி

ஜெராக்ஸின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். "எலும்பு வார்டு, மருந்துக் குறிப்பு, 16-ஆம் தேதி" என்ற அளவு போதும். ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், பிரிவும் வேண்டும். ஒரே கட்டடத்துக்குள்ளேயே அர்த்தம் மாறும்.

எங்களிடம் வந்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். பைக்கில் போனவருக்கு முகத்தில் அடி. கண் பிரிவுத் தாளில் ஒரு வரி: ஓ.டி. 6/60, ஓ.எஸ். 6/6. வார்டு மருந்துச் சீட்டில் ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை. அதையே பத்துத் தாளில் பார்த்துப் பழகியிருந்த ஜூனியர், 6/60 என்பதையும் ஏதோ மருந்துக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிட்டார். கண் பிரிவில் ஓ.டி. என்பது வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரண்டு கண்ணும். 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் அறுபது மீட்டரிலிருந்தே படிக்கிற எழுத்தை இவர் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். வலது கண் பார்வை இவ்வளவு குறைந்தது மனுவிலேயே வராமல் போகப் பார்த்தது. தாளின் தலையில் "கண் பிரிவு" என்று எழுதியிருந்தால் அந்த வரியில் கண் நின்றிருக்கும்.

சில கண் டாக்டர்கள் ஆர்.இ., எல்.இ. என்று எழுதுவார்கள், அதில் குழப்பம் குறைவு.

4. சுருக்கத்தை ஆங்கில எழுத்திலேயே, இருக்கிறபடியே நோட்டில் எழுதுங்கள்

தமிழில் எழுதிக்கொண்டால் சீக்கிரம் வேலை முடியும் என்று தோன்றும். செய்யாதீர்கள். தமிழில் "டி" என்று எழுதினால் அது திருச்சியின் முதல் ஆங்கில எழுத்தா, டெல்லியின் முதல் எழுத்தா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. "பி"யும் அப்படித்தான். ஓ.டி. என்று குறித்து வைத்தால் ஒரு வேளை மாத்திரையும் ஆபரேஷன் தியேட்டரும் ஒன்றாகிவிடும். பி.எஸ். என்று எழுதினால் போலீஸ் ஸ்டேஷனும் பிளட் ஷுகரும் ஒன்று. டி.பி. என்றால் காசநோயும் இன்சூரன்ஸின் மூன்றாம் நபர் காப்பும் ஒன்று.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, புள்ளி, சாய்கோடு எல்லாம் அப்படியே வர வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் மில்லிகிராமுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வருகிற டி.எல். டெசிலிட்டர். அதில் முதல் எழுத்து சின்னது, இரண்டாவது பெரியது. இரண்டுமே பெரிய எழுத்தாக வந்தால் டிரைவிங் லைசென்ஸ், வண்டி எண்ணின் தொடக்கத்தில் வந்தால் டெல்லிப் பதிவு. வண்டி எண்ணில் ஓ.டி. என்று வந்தால் ஒடிசா. 2012-க்கு முன் பதிவான வண்டிகளில் ஓ.ஆர். என்று இருக்கும்.

5. பக்கத்தில் நிற்பது என்ன என்று பாருங்கள்

அர்த்தத்தை முடிவு செய்யும் படி இதுதான். ஒரு சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? மருந்துப் பெயரா, எண்ணா, கூட்டல் குறியா, வண்டி வகையா?

பி.எஸ். என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், பெங்களூரில் வரும் பி. ஆர்.சி.-யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், அதற்குப் பின்னால் ரோமன் எண்ணில் நான்கோ ஆறோ இருந்தால் பாரத் ஸ்டேஜ், புகை அளவு. 2020 ஏப்ரல் 1 முதல் பதிவான புது வண்டிகளுக்கு ஆறு. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் வயிற்றுப் பரிசோதனைக்குக் கீழே அதே எழுத்துகளோடு கூட்டல் குறி இருந்தால் குடல் அசையும் சத்தம் கேட்கிறது என்று பொருள், நெஞ்சுப் பரிசோதனைக்குக் கீழே இருந்தால் மூச்சுச் சத்தம். ரோமன் நான்கையும் கவனியுங்கள். ஊசி மருந்துக்குப் பக்கத்தில் வந்தால் அது எண்ணே இல்லை, ரத்தக்குழாய் வழியாகப் போடுவதைச் சொல்லும் ஐ.வி.

சி.சி. இன்னும் சிக்கல். ஆர்.சி.-யில் இன்ஜின் கொள்ளளவு, ஊசி விஷயத்தில் மில்லிலிட்டர், ரயில் டிக்கெட்டில் சேர் கார், குற்றவியல் நீதிமன்றத் தாளில் பின்னால் "நம்பர்" என்று வந்தால் காலண்டர் கேஸ். நான்கு கட்டிலும் இருக்கும். பக்கத்தில் உள்ள சொல்லைப் பார்க்காமல் இதைத் தீர்க்கவே முடியாது.

லைசென்ஸில் எல்.எம்.வி.-க்கு (இலகு ரக வண்டி) பின்னால் டி.ஆர். என்றால் டிரான்ஸ்போர்ட், என்.டி. என்றால் நான்-டிரான்ஸ்போர்ட். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எக்கோ ரிப்போர்ட்டில் "மைல்ட் டி.ஆர்." என்று வருவது இதயத்தின் ஒரு வால்வில் லேசான கசிவு. அதே ரிப்போர்ட்டில் "மைல்ட் ஏ.ஆர்." என்றும் வரும், அது இன்னொரு வால்வு. ஏ.ஆர். காப்பிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பெட்ரோல் பங்க் ரசீதில் எம்.எஸ். என்றால் மோட்டார் ஸ்பிரிட், அதாவது பெட்ரோல். இதய நோய் விவரத்தில் வந்தால் வால்வு சுருக்கம், டாக்டர் பெயருக்குப் பின்னால் வந்தால் அறுவை சிகிச்சைப் பட்டம். மருந்துச் சீட்டில் இந்த எழுத்துகளைப் போட்டால் மார்ஃபினா மெக்னீசியமா என்று குழம்பும் என்பதால், மார்ஃபின் சல்பேட், மெக்னீசியம் சல்பேட் என்று முழுதாக எழுதச் சொல்லி அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் தனது "பயன்படுத்தக் கூடாதவை" பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. மருத்துவர்களுக்கே குழம்பும் எழுத்து இது. நாம் ஊகித்து எழுதுவது சரியே இல்லை.

6. சாய்கோடு போட்ட சுருக்கங்களைத் தனியாக எடுங்கள்

வழக்கையே பாதிக்கும் தவறுகள் இந்தப் படியில்தான் நடக்கின்றன. அதனால் இதற்கு மட்டும் நோட்டில் ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

ஆர்.சி.-யிலும் எஃப்.ஐ.ஆரிலும் எஸ்/ஓ என்றால் இன்னாரின் மகன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அதே எஸ்/ஓ, "இப்படி இருக்கலாம் என்று காட்டுகிறது" என்ற பொருளில் வரும். மூளை சி.டி. தாளில் எஸ்/ஓ-வுக்குப் பின்னால் ரத்தக்கட்டின் பெயர் இருந்தால், படத்தைப் பார்த்தவர் அதை நோக்கி விரல் காட்டுகிறார் என்று பொருள்.

ஆர்/ஓ இதைவிட ஆபத்து. முகவரிக்கு முன்னால் வந்தால் இன்ன ஊரில் வசிப்பவர். டாக்டர் எழுதினால் "இது இல்லை என்று உறுதி செய்யவும்." இடுப்பு எக்ஸ்ரே கேட்கும் சீட்டில் ஆர்/ஓ எலும்பு முறிவு என்று இருந்தால், முறிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்து மனுவில் "இடுப்பு எலும்பு முறிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். எதிர்த் தரப்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டைக் காட்டி முறிவே இல்லை என்று நிரூபித்துவிட்டால், கையில் உண்மையாகவே இருந்த முறிவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். உண்மையில் அடிபட்ட மனிதர் பொய்யராகத் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். தாங்கமுடியாத விஷயம் அது. ஆர்/ஓ பார்த்தால் அதற்கான ரிப்போர்ட் எங்கே என்று தேடுங்கள், கிடைக்கும் வரை மனுவில் ஏற்றாதீர்கள்.

சி/ஓ முகவரியில் "மேற்பார்வை", கேஸ் ஷீட்டில் "நோயாளி சொல்லும் தொந்தரவு". டபிள்யூ/ஓ ஆர்.சி.-யில் இன்னாரின் மனைவி, டாக்டர் எழுத்தில் "இல்லாமல்". யு/எஸ் எஃப்.ஐ.ஆரில் இன்ன சட்டப் பிரிவின் கீழ், ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட். பி/எல், கண்டெய்னர் லாரி மோதிய வழக்கில் சரக்குத் தாளாக வரும், எக்ஸ்ரேயில் வந்தால் இரண்டு பக்கமும். எலும்பு வார்டு தாளில் போனில் இருக்கும் ஹேஷ் குறி மாதிரி ஒன்று தெரிந்தால் அது நம்பர் என்பதைக் குறிக்கவில்லை, முறிவு என்பதற்கான குறி.

7. ஆர்.டி.ஏ.வும் "அலெஜ்டு" என்ற சொல்லும்

அனுமதித்த அன்று எழுதும் முதல் வரி பெரும்பாலும் "ஏ/எச்/ஓ ஆர்.டி.ஏ." என்று இருக்கும். ஆர்.டி.ஏ. சாலை விபத்து. பஸ், லாரி பெர்மிட்டில் வந்தால் வட்டாரப் போக்குவரத்து ஆணையம். முன்னால் உள்ள ஏ "அலெஜ்டு", அதாவது இப்படிச் சொல்லப்பட்டது. எச்/ஓ என்றால் "ஹிஸ்டரி ஆஃப்", நடந்த விவரம்.

குடும்பத்தினர் இதைக் கேட்டதும் மனம் நொந்துபோவார்கள். "டாக்டர் எங்களை நம்பவில்லையா?" என்று ஒரு அம்மா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் விபத்தை நேரில் பார்க்கவில்லை, கூட வந்தவர் சொன்னதை எழுதுகிறார். எல்லாத் தாளிலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதை விட அதற்கடுத்த சொற்களைக் கவனமாகப் படியுங்கள். லாரி மோதியது என்று இருக்கிறதா, தானாக வழுக்கி விழுந்தார் என்று இருக்கிறதா? அதுதான் பின்னால் பெரிய சண்டையாகும்.

எம்.வி.ஐ.-யும் இங்கேயே முடித்துவிடலாம். வண்டிக் கட்டில் ஆய்வாளர், பிரேக் சரியாக இருந்ததா, இயந்திரக் கோளாறா என்று எழுதியிருப்பார். வார்டு மருந்துத் தாளில் இன்ஜெக்‌ஷனுக்குப் பின்னால் எம்.வி.ஐ. என்று வருவது குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து ஏற்றும் சத்து மருந்து.

8. தேதிச் சுருக்கங்களுக்கு ஒரு காலக்கோடு போடுங்கள்

நோட்டில் ஒரு கோடு இழுத்து நேரத்தோடு எழுதுங்கள். உதாரணமாக, 14-ஆம் தேதி இரவு 11.40-க்கு விபத்து, 15-ஆம் தேதி அதிகாலை 2.10-க்கு அட்மிஷன். டிஸ்சார்ஜ் சம்மரியில் டி.ஓ.ஏ. என்று 15 இருக்கும், அங்கே அது அனுமதித்த தேதி. இன்சூரன்ஸ் படிவத்தில் டி.ஓ.ஏ. பெரும்பாலும் விபத்துத் தேதி, 14 என்று எழுத வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் நிரப்பினால் எஃப்.ஐ.ஆரோடு ஒரு நாள் முரண்படும். அவசர சிகிச்சைப் பதிவேட்டில் அதே மூன்று எழுத்துகள், கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்ற பொருளிலும் வரும்.

டி.ஓ.டி. டிஸ்சார்ஜ் ஆன தேதி. இறந்த தேதிக்கும் அதே எழுத்துகள்தான். இதை நிரப்பும் முன் தாளின் மற்ற வரிகளைப் படியுங்கள், உயிரோடு வீட்டுக்குப் போனவர் என்றால் "மீண்டும் பார்க்க வரவும்" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். உயிரோடு இருப்பவரை இறந்தவராக எழுதிய படிவத்தைக் குடும்பத்தார் கையில் கொடுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

9. பாலிசியில் ஓ.டி., டி.பி., பி.ஏ.

பாலிசித் தாளில் ஓ.டி. என்பது சொந்த வண்டிக்கான சேதம். டி.பி. மூன்றாம் நபருக்கான காப்பு. மோதிய வண்டியால் அடிபட்டவருக்கு வேண்டியது இந்த டி.பி. கல்லீரல் பரிசோதனைத் தாளில் இதே எழுத்துகள் மொத்தப் புரதம்.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது டூவீலருக்கு ஐந்து வருடம் மூன்றாம் நபர் காப்பைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதத்துக்கு மட்டும் தனிப் பாலிசி, வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். ஆக, எதிர் வண்டிக்காரர் கொடுத்த காப்பியில் முன்னால் எஸ்.ஏ. (ஸ்டாண்ட் அலோன், அதாவது தனி) சேர்த்து எஸ்.ஏ.ஓ.டி. என்று இருந்தால் அந்தக் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்த்துப் பயன் இல்லை. மூன்றாம் நபர் பாலிசி எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று அந்தத் தாளிலேயே ஒரு கட்டத்தில் போட்டிருக்கும், தேடுங்கள்.

பி.ஏ. பாலிசியில் தனிநபர் விபத்துக் காப்பு. நெஞ்சு எக்ஸ்ரேயில் பின்னாலிருந்து முன்னால் எடுத்த படம். நடுவில் சாய்கோடு போட்டிருந்தால் வயிற்றுப் பரிசோதனை.

10. மாத்திரைச் சீட்டையும் ரயில் டிக்கெட்டையும் ஒன்றாகப் பாருங்கள்

சிகிச்சைக்குப் போய்வந்த போக்குவரத்துச் செலவையும் கேட்கலாம் என்பதால் டிக்கெட்டுகள் மருந்து பில்லோடு ஒரே கவரில் கிடக்கும். டிக்கெட்டில் எஸ்.எல். ஸ்லீப்பர் வகுப்பு, பெர்த் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் சைடு லோயர். மருந்துச் சீட்டில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. ஏ.சி. டிக்கெட்டில் குளிர்சாதனம், சீட்டில் சாப்பாட்டுக்கு முன். பி.சி. சாப்பாட்டுக்குப் பின். டி.டி.எஸ். சீட்டில் மூன்று வேளை, வருமானத்துக்கு ஆதாரமாக வைக்கும் சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தம்.

எஸ்.ஓ.எஸ். பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். கால் உடைந்து வீடு திரும்பிய ஒருவருக்கு வலி மாத்திரை எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தார்கள். வாடகைக் காரில் உள்ள ஆபத்துப் பொத்தானில் அதே எழுத்துகளைப் பார்த்திருந்த அவர் மனைவி, உயிருக்கு ஆபத்து வந்தால்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, மாத்திரையை எவர்சில்வர் டப்பாவில் போட்டு சாமி மாடத்தில் பத்திரமாக வைத்துவிட்டார். நான்கு இரவு அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது. ஒரு நாளைக்கு எத்தனை வரை, எவ்வளவு இடைவெளி விட்டு என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

11. மிச்சம் இருப்பதைக் கேட்டு முடியுங்கள்

இவ்வளவுக்குப் பிறகும் ஐந்தாறு எழுத்துகள் புரியாமல் நிற்கும். போனில் கேட்டால் ஊர்ப் பெயர் சேர்த்துச் சொல்லுங்கள்: டெல்லி டி, திருச்சி டி, பெங்களூர் பி, பழனி பி. எஃப்-க்கும் எஸ்-க்கும், எம்-க்கும் என்-னுக்கும் போனில் வித்தியாசமே தெரியாது. முடிந்தால் அந்த ஜெராக்ஸையே எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எழுத்தை மட்டும் காட்டாமல் முழுத் தாளையும் காட்டுங்கள், ஏனென்றால் அவர்களும் பக்கத்தில் உள்ளதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

யாரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதியில் என்று நோட்டில் அந்தச் சுருக்கத்துக்கு எதிரே எழுதுங்கள். அப்படியும் தெரியாமல் போனதை மனுவிலும் மொழிபெயர்ப்பிலும் ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுங்கள். டாக்டர் சாட்சி சொல்ல வரும்போது அவரிடமே கேட்க ஒரு தனிச் சீட்டில் பட்டியல் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.